கிணற்றுக்கு எவ்வளவு குளோரீன்?

ஊர் திரும்பும் குடும்பங்களுக்கு முதல் தேவை குடிதண்ணீர். நெடுநாள் பாவியாத கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தபின் குளோரீன் இட வேண்டும். “ஒரு பேணி தூள் கொட்டினாற் போதும்” என்போர் பலர். தூள் குறைந்தால் கிருமி சாகாது. வயிற்றோட்டம் முதலிற் பிள்ளைகளையே பிடிக்கும். கூடினால் வீண் செலவு. மணம் போக நாளாகும். ஆகவே கணக்கைப் படிப்போம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. கண்ணிவெடி அகற்றப்பட்ட காணி என்று உறுதியாகத் தெரியாமல் பழைய கிணற்றை நெருங்க வேண்டாம். இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றினுள் வைத்து இயக்க வேண்டாம். அதன் புகை உள்ளே இறங்குபவரின் உயிரைக் குடிக்கும்.

1. தண்ணீரின் அளவு

கிணறு மீண்டும் ஊறியதும் கயிற்றிற் கல்லைக் கட்டி அடிவரை இறக்குங்கள். நனைந்த கயிற்றின் நீளமே தண்ணீரின் ஆழம். வட்டக் கிணற்றுக்கு, அடிக் கணக்கில்:

விட்டம் × விட்டம் × ஆழம் × 22 = லீற்றர்

விட்டம் 6 அடி, ஆழம் 5 அடி எனில் 6 × 6 × 5 × 22 = 3,960. இதை 4,000 லீற்றர் என்று கொள்வோம்.

2. வேண்டிய குளோரீன்

லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதாவது 1,000 லீற்றருக்கு 50 கிராம். நமது கிணற்றுக்கு 200 கிராம்.

3. தூளின் நிறை

தூள் முழுவதும் குளோரீன் அல்ல. பொதியில் உள்ள வீதத்தைப் பாருங்கள்.

குளோரீன் × 100 ÷ வீதம் = தூள்

70 வீதத் தூள்: 200 × 100 ÷ 70 = 286 கிராம்.
25 வீதத் தூள்: 200 × 100 ÷ 25 = 800 கிராம்.

கிணறு ஒன்றே, தூளோ ஏறத்தாழ மூன்று மடங்கு. பேணிக் கணக்கு பிழைப்பது இதனாற்றான். திறந்து கிடந்த பழைய தூளின் வீரியமும் குறைந்திருக்கும்.

4. கரைத்தல்

வெளியிடத்தில், பிளாஸ்ரிக் வாளியில் முதலில் தண்ணீரை விட்டு, தூளைச் சிறிது சிறிதாக இட்டுக் கரையுங்கள். கண், மூக்கு, கைகளை மறைத்துக்கொள்ளுங்கள். தெளிந்த நீரைக் கிணற்றில் ஊற்றி, வாளியால் நன்கு கலக்குங்கள். ஓரிரவு எவரும் அள்ளக் கூடாது. மறுநாள் மணம் போகும்வரை இறையுங்கள். அந்நீரைப் பயிருக்கோ குளத்துக்கோ விட வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நீரைச் சோதிக்கும்வரை கொதிக்கவைத்தே குடியுங்கள்.

பயிற்சி: விட்டம் 8 அடி, ஆழம் 4 அடி, 70 வீதத் தூள். எவ்வளவு வேண்டும்? பிள்ளைகளுடன் சேர்ந்து செய்து பாருங்கள்.

விடை: சுமார் 400 கிராம்.