சுகப்பிரசவந்தானே?

குழந்தை பிறந்த வீட்டில் நம்மவர் கேட்கும் முதற்கேள்வி, ஆணா பெண்ணா என்பது. அடுத்தது, “சுகப்பிரசவந்தானே?” என்பது. கத்தி படாத பேற்றுக்கே ‘சுகம்’ என்று பெயரிட்டுவிட்டது தமிழ். எங்கள் வில்லாபுரத்துக் குழாயடியில் நிறைமாதக்காரிகள் பேசிக்கொள்வதும், கோயிலில் வேண்டிக்கொள்வதும் அதைத்தான்.

நடப்பதோ வேறு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பிறந்த குழந்தைகளில் 44.9 சதவீதம் சிசேரியன் மூலம் பிறந்தவை. 2015-16 ஆய்வில் இது 34.1 சதவீதமாக இருந்தது. இந்தியா முழுமைக்கும் 21.5தான். அரசு மருத்துவமனையில் 36.0, தனியாரில் 63.8 என்னும் வேற்றுமையைத் தாய்மாரின் உடற்கூறு ஒன்றே விளக்கிவிடுமா?

கத்தியைப் பழிப்பது என் நோக்கமன்று. நஞ்சுக்கொடி கருப்பை வாயை அடைத்துக் கிடந்தால் சிசேரியனே இரண்டு உயிரையும் காக்கும். வீட்டிலேயே பிள்ளை பெற்ற காலத்தைப் பொற்காலம் என்போர், அப்போது மாண்ட தாய்மாரை மறந்து பேசுகின்றனர். எனினும், ஒரு நாட்டில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டியபின் தாய்சேய் இறப்பு அதனால் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவித்தது.

நல்ல நட்சத்திரம் பார்த்து நாள் குறித்துக் கேட்கும் குடும்பங்களும் உண்டு. அதையும் விருப்பம் என்றே சொல்ல வேண்டும், தாயின் விருப்பமா என்பது வேறு கேள்வி. ஆனால் பெருங்காரணம் பழைய தழும்பு. “முதலுக்கு ஆபரேஷன், இதற்கும் அதுதான்” என்று வீட்டிலேயே தீர்ப்பாகிவிடுகிறது. உண்மையில், தகுதியுள்ள தாய்மார் தக்க மருத்துவமனையில் முயன்றால், பத்தில் ஆறு முதல் எட்டுப் பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. தழும்பு பிரியும் அபாயம் ஏறத்தாழ இருநூற்றில் ஒருவருக்கு. இரவில் மயக்க மருத்துவர் இல்லாத சிறு நர்சிங் ஹோம் அந்த ஒருவரை எண்ணி அஞ்சுவதில் தவறில்லை. அதனால்தான் இடத்தைத் தேர்வதும் சிகிச்சையில் பாதி.

முதலில் ஏன் அறுத்தார்கள் என்பதே எல்லாவற்றிலும் முக்கியம். இடுப்பெலும்பு குறுகலா, குழந்தையின் கிடப்பா? முன்னது மாறாது, பின்னது அந்தக் குழந்தையோடு போயிற்று. என் அக்காவின் முதற்பேற்றில் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டவர் மாமா. அவளுக்குக் காரணத்தை யாரும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டு நான்கு ஆண்டுகளாக டிரங்குப் பெட்டியில் கிடந்தது. வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. சென்ற மாதம் எடுத்து வாசித்தேன்: குழந்தையின் தலை கீழே வராமல் பிட்டம் முன்வந்திருந்ததாம், அவ்வளவே.

அக்காவுக்கு இது ஏழாம் மாதம். அடுத்த பரிசோதனைக்கு அந்தச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போகிறாள். கேட்க வேண்டியதை அவளே கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள்.