அப்டேட் போடுவதற்கு முன்: தையல் கடைச் சகோதரிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. போனில் பெரிய அப்டேட் ஒன்று வந்து நிற்கிறது, நீங்களும் 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிக்கொண்டே வருகிறீர்கள். போட்டால் போன் மந்தமாகிவிடும் என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். போடாவிட்டால் ஒருநாள் பேங்க் ஆப் திறக்காது என்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன். வாடிக்கையாளர்கள் அனுப்பிய ஜாக்கெட் டிசைன்கள், அளவு நோட்டைப் படம் பிடித்து வைத்தவை, யாரிடம் எவ்வளவு முன்பணம் வாங்கினோம் என்று நீங்களே பேசிப் பதிந்த குரல் குறிப்புகள் எல்லாம் அந்த ஒரே போனில்தான் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைப் படித்ததும்தான் விரிவாகப் பதில் எழுதத் தோன்றியது.

அப்டேட் போடுங்கள், ஆனால் தீபாவளித் துணிகளையெல்லாம் கொடுத்து முடித்த பிறகு. அதற்குள் ஒன்றும் கெட்டுவிடாது. வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் தவறு. திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் அப்டேட் வழியாகத்தான் வருகின்றன. பணம் கைமாறும் போன் அவை இல்லாமல் இருக்கக்கூடாது. உங்கள் மகன் சொல்வதும் உண்மை. மிகப் பழைய ஆண்ட்ராய்டை பேங்க் ஆப்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே வருகின்றன.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் போனில் இருக்கும் ஜிமெயில் கணக்கு யாருடையது? உங்களுடையதுதானே என்பீர்கள். அதைத் திறந்தது யார்? நம் ஊர்களில் போன் வாங்கும்போது கடையில் இருக்கும் பையனே ஒரு ஜிமெயில் ஐடி உருவாக்கி, பாஸ்வேர்டும் அவனே போட்டு, வாட்ஸ்அப்பையும் ஏற்றிக் கையில் கொடுத்துவிடுகிறான். நல்ல மனதோடு செய்கிற உதவிதான். ஆனால் உங்கள் தொடர்பு எண்கள், படங்கள், வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் போய்ச் சேர்வது அந்தக் கணக்கில். பாஸ்வேர்ட் தெரியாத கணக்கில் எத்தனை பத்திரமாகச் சேமித்தாலும், போன் கைவிட்டுப்போகும் நாளில் அதை உங்களால் எடுக்க முடியாது. பேக்கப் எடுத்திருக்கிறேன் என்று நம்பி வந்து, கணக்கைத் திறக்க முடியாமல் போன் கடை வாசலில் நிற்பவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. தடுத்திருக்கக்கூடிய இழப்பு அது.

ஆகவே இன்றைக்கே, வேலை நடுவே ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பாருங்கள். செட்டிங்ஸில் கூகுள் என்று இருக்கும். அதற்குள் உங்கள் கணக்கைத் திறந்து, செக்யூரிட்டி பகுதியில் ரெக்கவரி போன் என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே இருப்பது உங்கள் எண்ணா? வேறு யாருடையதாவது இருந்தால் உடனே மாற்றுங்கள். பாஸ்வேர்ட் தெரியாவிட்டாலும் பதற வேண்டாம். அந்தக் கணக்கு ஏற்கெனவே திறந்திருக்கும் போன் உங்கள் கையில் இருக்கும்வரை, 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்ற வழியில் போய்ப் புதியதை வைத்துக்கொள்ளப் பெரும்பாலும் கூகுள் அனுமதிக்கும். போன் போன பிறகு அதே வேலை பல மடங்கு கடினம். 2-ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்திருந்தால், போன் கையில் இல்லாதபோதும் கணக்கைத் திறக்க உதவும் பேக்கப் கோடுகளும் அங்கேயே கிடைக்கும், எட்டு எட்டு இலக்கமாகப் பத்து எண்கள். அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதாதீர்கள், அதைக் கடைக்கு வருகிற எல்லோரும் புரட்டுவார்கள். வீட்டில் பீரோவுக்குள் இருக்கும் நோட்டில் எழுதி வையுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, போனைத் திறக்கும் பின் நம்பர். அப்டேட் முடிந்ததும் போன் அணைந்து மறுபடி எழும். அப்போது முதல் தடவை கைரேகையை ஏற்காது, பின் நம்பரோ பேட்டர்னோதான் கேட்கும். போனுக்குள் இருக்கும் அத்தனையும் பூட்டப்பட்ட நிலையில் இருக்கும். அந்த எண்ணைப் போட்டால்தான் பூட்டுத் திறக்கும், கம்பெனிக்காரர்களிடமும் மாற்றுச் சாவி கிடையாது. பின் நம்பர் மகனுக்கு மட்டும் தெரியும் என்றால், அவன் விடுதியில் இருக்கும் நாளில் அப்டேட் போடாதீர்கள். அதைவிட, நீங்களே ஒரு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப். செட்டிங்ஸில் சாட்ஸ், அதற்குள் சாட் பேக்கப். அந்தத் திரையில் கடைசியாக எப்போது பேக்கப் ஆனது என்று இரண்டு வரி இருக்கும். முதல் வரி போனுக்குள்ளேயே எடுத்த நகல். அது தினமும் அதிகாலை 2 மணிக்குத் தானாக நடக்கும், அதனால் தேதி எப்போதும் புதிதாகவே இருக்கும். அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். போன் கெட்டால் அந்த நகலும் கூடவே போய்விடும். நமக்கு வேண்டியது இரண்டாவது வரி, கூகுளுக்குப் போனது. பலருடைய போனில் அங்கே ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி நிற்கும். காரணம், கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபிதான். முன்பு வாட்ஸ்அப் பேக்கப் அந்த 15 ஜிபிக்குள் சேராது, 2024 முதல் அதையும் சேர்த்துவிட்டார்கள். இடம் நிறைந்ததும் பேக்கப் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறது. வீடியோக்களைச் சேர்க்காமல் எடுத்தால் அளவு பெரிதும் குறையும். என்க்ரிப்ஷன் பாஸ்வேர்ட் போட்டிருந்தால் அதையும் எழுதி வையுங்கள். மறந்தால் வாட்ஸ்அப்பாலும் திறந்துதர முடியாது.

உங்கள் தொழிலுக்கு மிக முக்கியமானதை இப்போது சொல்கிறேன். கேலரியில் தெரிகிற படமெல்லாம் கூகுள் போட்டோஸில் ஏறிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். கேமராவில் எடுத்தவை மட்டும்தான் தானாக ஏறும். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் தனி ஃபோல்டர், நீங்கள் அனுமதி கொடுத்தால்தான் ஏறும். அதாவது நீங்கள் பிடித்த அளவு நோட்டுப் பக்கங்கள் பத்திரமாக இருக்கலாம், ஆனால் மணப்பெண் வீட்டார் அனுப்பிய ஆரி ஒர்க் மாதிரிகள் ஏறியிருக்காது. போட்டோஸ் ஆப்பின் பேக்கப் அமைப்பில் ஃபோல்டர்கள் வரிசையாக இருக்கும், வாட்ஸ்அப் இமேஜஸ் என்பதை ஆன் செய்யுங்கள். குரல் குறிப்புகளுக்கு அந்த வசதியும் இல்லை. ரெக்கார்டரில் பதிந்தவற்றை கூகுள் பேக்கப் தொடுவதே இல்லை. அவற்றுக்கு ஒரு ஓடிஜி பென்டிரைவ் வாங்குங்கள், ஒரு முனை போனில் செருகும், மறுமுனை கம்ப்யூட்டரில். ஃபைல்ஸ் ஆப்பில் ரெக்கார்டிங்ஸ் ஃபோல்டரை அழுத்திப் பிடித்து, காப்பி கொடுத்து, பென்டிரைவில் ஒட்டினால் முடிந்தது. பிறகு பென்டிரைவிலிருந்தே ஒன்றிரண்டைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். குரல் கேட்டால்தான் அது பேக்கப்.

அப்டேட் போடப் போகும்போது இடம் போதவில்லை என்று போன் சொல்லலாம். அவசரப்பட்டு அழிப்பதில் இழப்பவை அதிகம், அப்டேட்டில் இழப்பதைவிடவும் அதிகம் என்றே நினைக்கிறேன். 2014 செப்டம்பரில் ஆப்பிள் ஐஓஎஸ் 8 வெளியிட்டபோது, போனிலேயே அதை ஏற்றச் சுமார் 5 ஜிபி காலி இடம் கேட்டது. 16 ஜிபி ஐபோன் வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள், படங்களையும் ஆப்களையும் அழித்து இடம் தேடினார்கள். கம்ப்யூட்டரில் செருகி ஏற்றியிருந்தால் அவ்வளவு இடமே தேவைப்பட்டிருக்காது. உங்களுக்கு நான் சொல்வது, கூகுள் போட்டோஸுக்குள் போய் எதையும் அழிக்காதீர்கள். அங்கே அழித்தால் போனிலிருந்து மட்டுமல்ல, மேலே ஏறிய நகலும் சேர்ந்தே போகும். மீட்க 60 நாள் அவகாசம் உண்டு, அதன் பிறகு இல்லை. வாட்ஸ்அப்பில் மேனேஜ் ஸ்டோரேஜ் என்று இருக்கிறது. பலமுறை ஃபார்வர்ட் ஆனவை, பெரிய வீடியோக்கள் என்று அதுவே பிரித்துக் காட்டும். காலை வணக்கப் படங்களையும் சமையல் வீடியோக்களையும் அங்கே கழித்தாலே தேவையான இடம் கிடைத்துவிடும்.

இவ்வளவு சொல்வதால் அப்டேட் ஆபத்தானது என்று எண்ணிவிடாதீர்கள். வழக்கமான அப்டேட்டில் படமோ எண்ணோ எதுவும் அழிவதில்லை. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. அந்த வசதியுள்ள போன்களில் இயங்குதளத்துக்கு இரண்டு இடங்கள் இருக்கும். ஒன்றில் போன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் புதியது எழுதப்படும். மறுபடி எழும்போது புதியது சரியாகத் தொடங்காவிட்டால் பழையதுக்கே திரும்பிவிடும். அப்படியும் பிசகுகள் நேர்ந்திருக்கின்றன. 2021 தொடக்கத்தில் ஷாவ்மியின் மி ஏ3 போன்களுக்கு வந்த ஆண்ட்ராய்டு 11-ஐ ஏற்றியவர்கள் பலரின் போன் எழவே இல்லை. கம்பெனி அதை நிறுத்திவிட்டு, சர்வீஸ் சென்டரில் இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தது. 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 14 ஏற்றிய பிக்சல் போன்கள் சிலவற்றில், ஒரே போனில் ஒன்றுக்கு மேற்பட்டவர் கணக்கு வைத்திருந்தவர்களுக்குச் சொந்தப் படங்களையே திறக்க முடியாமல் போனது. இரண்டு சம்பவங்களிலும் அடிபட்டவர்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே ஏற்றியவர்கள். அதனால்தான் உங்களைப் போலப் போனை நம்பிப் பிழைப்பவர்கள் இரண்டு மூன்று வாரம் பொறுப்பது நல்லது என்கிறேன். தீபாவளி வேலையே அந்த அவகாசத்தைக் கொடுத்துவிடுகிறது.

பிடிக்காவிட்டால் பழையதுக்கே போய்விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஆகஸ்டில் பிக்சல் 6 வரிசைக்கு ஆண்ட்ராய்டு 13 வந்தபோது, ஏற்றிய பின் 12-க்குத் திரும்ப முடியாது என்று கூகுளே சொன்னது. திரும்ப வழியுள்ள போன்களிலும் உள்ளே இருப்பதை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் திரும்ப முடியும்.

போடுகிற நாளன்று, கடை மூடிய பிறகு வீட்டு வைஃபையில், சார்ஜரில் செருகி வைத்துத் தொடங்குங்கள். போன் அணைந்திருக்கிற நேரத்தில் கடையில் பணம் வராதோ என்ற பயம் வேண்டாம். கவுண்டரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் உங்கள் பேங்க் கணக்கோடு இணைந்தது, வாடிக்கையாளர் அனுப்பினால் பணம் வந்து சேரும். சவுண்ட் பாக்ஸுக்குள் தனி சிம் இருக்கிறது, அது தன்பாட்டுக்குச் சொல்லும். உங்கள் சிம்மில் மட்டும் எஸ்எம்எஸ் போகிற ரீசார்ஜ் இருக்கட்டும். பணம் அனுப்பும் ஆப் மறுபடி சரிபார்க்கச் சொன்னால், அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போயாக வேண்டும். அப்டேட்டை செட்டிங்ஸில் சாஃப்ட்வேர் அப்டேட் என்ற இடத்தில் மட்டும் தொடங்குங்கள். வாட்ஸ்அப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ 'சிஸ்டம் அப்டேட்' என்று லிங்க் வந்தால் அது திருடர்கள் அனுப்பியது, தொடவே தொடாதீர்கள்.

பிறகு ஓரிரு நாள் போன் கொஞ்சம் சூடாகும், சார்ஜ் சீக்கிரம் இறங்கும். பக்கத்துக் கடைக்காரர் மந்தம் என்று சொன்னது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஆப்களையும் படங்களையும் புதிய இயங்குதளத்துக்கு ஏற்ப உள்ளே சீர்செய்துகொண்டிருக்கும் நேரம் அது. ஆப்களை பிளே ஸ்டோரில் அப்டேட் செய்துவிட்டுக் காத்திருங்கள். அதற்குள் யாராவது 'ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்' என்று போனை வாங்கினால் கொடுக்காதீர்கள். ஃபார்மட் போட்ட போன் எழுந்ததும் பெரும்பாலும் அந்த ஜிமெயிலையும் பாஸ்வேர்டையும்தான் கேட்கும்.

ரெக்கவரி போன் எண்ணை மாற்ற முடியாமல் திரை எங்காவது தடுத்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அப்படியே குறித்து அனுப்புங்கள். பாஸ்வேர்டை மட்டும் எனக்கும் எழுத வேண்டாம்.

அன்புடன்.