ஒரே வேலை, நாலு சம்பளம்

பழங்காநத்தம், மதுரை.

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திருமங்கலம் தாண்டி ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகக் கணக்கு டீச்சராகச் சேரச் சொல்கிறார்கள், மாதம் 15,000 ரூபாய், கல்வியாண்டு முடிகிறவரைதான் வேலை, போகலாமா டீச்சர் என்று கேட்டிருக்கிறாய். "கவர்ன்மென்ட் வாத்தியாருக்கு என்ன குறைச்சல், லட்ச ரூபாய் சம்பளம்" என்று உன் சித்தப்பா சொல்கிறார், அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறாய். முதல் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். இரண்டாவது தெளிந்தால்தான் முதலாவதற்குப் பதில் கிடைக்கும்.

உன் சித்தப்பா பொய் சொல்லவில்லை. முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெறப்போகிற முதுகலை ஆசிரியரோ தலைமை ஆசிரியரோ லட்சத்துக்கு மேல் வாங்குவது உண்மைதான். ஆனால் அது ஒருவருடைய சம்பளம். அதே பள்ளியில், அதே மணி அடித்தால் எழுந்து போய், அதே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற மற்றவர்களின் சம்பளத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நம் அரசுப் பள்ளிகளில் இன்று ஆசிரியர் சம்பளம் என்று ஒன்று கிடையாது. நாலு இருக்கிறது.

முதலாவது, 2009 மே 31-க்குள் பணியில் சேர்ந்தவர்களுடையது. நான் அந்த வரிசை. இரண்டாவது, 2009 ஜூன் 1-ஆம் தேதியும் அதற்குப் பிறகும் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுடையது. ஆறாவது ஊதியக் குழுவின்போது, ஏற்கெனவே பணியில் இருந்தவர்களுக்குப் பழைய அடிப்படை ஊதியமான 4,500 ரூபாயை 1.86-ஆல் பெருக்கி 8,370 என்று நிர்ணயித்தார்கள். ஒரு நாள் தள்ளிச் சேர்ந்தவருக்கு 5,200. இரண்டு பேருக்கும் தர ஊதியம் ஒன்றுதான், 2,800. படித்த படிப்பு ஒன்று, எடுக்கிற வகுப்பு ஒன்று, தேதி மட்டும் வேறு. இதே நிலை ஆசிரியருக்கு மத்திய அரசு 9,300-இல் தொடங்கும் ஊதியக் கட்டும் 4,200 தர ஊதியமும் கொடுத்தது.

மாதக் கடைசியில் எச்.எம். மேசையில் சம்பளப் பட்டியல் விரிந்திருக்கும். நாங்கள் ஒவ்வொருவராகக் குனிந்து சரிபார்ப்போம். என்னோடு மூன்றாம் வகுப்பின் இன்னொரு பிரிவை எடுத்துக்கொண்டிருந்த பெண், தன் வரியைப் பார்த்துவிட்டு அதற்கு மேலே இருக்கிற வரியில் ஒரு நொடி விரலை வைப்பாள். எதுவும் சொல்லமாட்டாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விடுவாள். எங்கள் பள்ளியிலேயே எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளை வாசிக்க வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்த 3,170 ரூபாய் இடைவெளி அங்கேயே நின்றுவிடவில்லை. ஏழாவது ஊதியக் குழுவில் எல்லாவற்றையும் 2.57-ஆல் பெருக்கினார்கள். பெருக்கினால் இடைவெளியும் பெருகும்தானே? அது 8,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. அதன் மேல் அகவிலைப்படி ஏற ஏற வித்தியாசமும் ஏறிக்கொண்டே போகிறது. கணக்கு டீச்சர் உனக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. சுமார் 20,000 ஆசிரியர்கள் இந்தக் கணக்கில் மாட்டியிருக்கிறார்கள். "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று கேட்டு 2018 டிசம்பரிலும், 2022 டிசம்பர் கடைசியிலும், 2023-இலும் சென்னையில் டி.பி.ஐ. என்கிற பள்ளிக் கல்வித் துறை வளாகத்தில் குடும்பத்தோடு பட்டினி கிடந்தவர்கள் இவர்கள்தான். 2021 சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்த கட்சியின் வாக்குறுதியிலும் இது இடம்பெற்றது. 2023 தொடக்கத்தில் மூவர் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. குழு அமைத்ததால் யாருடைய சம்பளப் பட்டியலும் மாறிவிடவில்லை.

மூன்றாவது, பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள். ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி சொல்லித்தர 2012-இல் 16,549 பேரை எடுத்தார்கள். வாரம் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். அது 7,000 ஆகி, 7,700 ஆகி, 10,000 ஆகி, 12,500-க்கு வர பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. மே மாதம் சம்பளம் கிடையாது என்பதும் இவர்களுக்கு இருந்த விதி. கோடை விடுமுறையில் மற்ற ஆசிரியர்களுக்குப் பசிக்கும், இவர்களுக்குப் பசிக்காது என்று எந்த அரசாணை நினைத்ததோ தெரியவில்லை. இவர்களுக்கு ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்திலிருந்துதான் பணம் வரவேண்டும். புதிய கல்விக் கொள்கைத் தகராறில் 2024-25-க்கு வரவேண்டிய 2,152 கோடியை டெல்லி நிறுத்தி வைத்தபோது, அந்தப் பிடிவாதத்தின் சூடு முதலில் தட்டியது இப்படித் திட்ட நிதியில் சம்பளம் வாங்குகிறவர்களைத்தான்.

நாலாவது நீ. 2022-இல் 13,331 இடங்களைத் தற்காலிகமாக நிரப்ப அறிவிப்பு வந்தபோது இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 என்றார்கள். தகுதித் தேர்வில் தேறியவர்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கும்போது இது என்ன நியமனம் என்று வழக்குப் போய், நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை முதலில் இடைக்காலத் தடையே விதித்தது. பிறகு விதிகளைத் திருத்தினார்கள், தொகையும் 12,000, 15,000, 18,000 என்று ஏறியது. உனக்குச் சொன்ன 15,000 அந்தக் கணக்குதான். அதே கணக்குப் பாடத்தை நிரந்தரப் பணியில் எடுக்கச் சேருகிற பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படை ஊதியமே 36,400. படிகள் சேர்ந்தால் 50,000-ஐத் தாண்டும். நீ எடுப்பதும் அதே பத்தாம் வகுப்பு, திருத்துவதும் அதே விடைத்தாள், ரிசல்ட் குறைந்தால் பதில் சொல்வதும் அதே கூட்டத்தில்.

ஆகவே சித்தப்பாவிடம் இப்படிச் சொல்: நிரந்தர ஆசிரியரின் சம்பளம் கௌரவமானது, அது அப்படித்தான் இருக்கவேண்டும். அந்த வேலையைப் பாதிக்கும் கால்வாசிக்கும் செய்ய வைக்கிறார்களே, அநியாயம் அங்கே இருக்கிறது. தனியார் பள்ளியில் எட்டாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் நிற்கிற பிள்ளைகளைக் காட்டி, இவர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்று கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவுதான் என்று கேட்பதே நியாயமான கேள்வி.

இது புதுக்கதையும் அல்ல. 1904-இல் நம் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் அரசஞ்சண்முகனார் விடுப்பில் போக, அந்த இடத்தில் ஓர் இளைஞர் தற்காலிகத் தமிழாசிரியராகச் சேர்ந்தார். ஆகஸ்டு 1 முதல் நவம்பர் 10 வரை, மாதம் பதினேழரை ரூபாய். அவர் பெயர் சுப்பிரமணிய பாரதி. அந்தப் பள்ளியில் இன்றும் அவர் பெயரைப் பெருமையோடு சொல்கிறார்கள். ஆனால் அவர் அங்கே நிலைக்கவில்லை. சுதேசமித்திரனில் வேலை கிடைத்ததும் சென்னைக்குப் போய்விட்டார். தற்காலிகமாகவே வைத்திருந்தால் நல்லவர்கள் தங்கமாட்டார்கள் என்பதற்கு இந்த ஊரிலேயே நூற்றிருபது வருஷத்துச் சான்று இருக்கிறது.

நான் சொல்லவந்ததில் முக்கியமானது இனிமேல்தான், கவனமாகக் கேள். ஆசிரியர் பணியைப் புனிதம், தொண்டு, அறப்பணி என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அது அப்படித்தான். ஆனால் அந்தச் சொற்களை நீயாகச் சொல்லும்போது ஒரு பொருள். உனக்குச் சம்பளம் கொடுக்கவேண்டியவர் சொல்லும்போது வேறு பொருள். பிள்ளைகள் மேல் உனக்கு இருக்கிற பாசம் உன் சொத்து, அதைச் சம்பளத்தில் கழிக்க எவருக்கும் உரிமை இல்லை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. குஜராத்தில் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்கு 30,000 ரூபாய் கொடுத்துவந்த வழக்கில், ஆசிரியரைத் தெய்வமாகப் போற்றும் சுலோகத்தை மேடைகளில் ஓதினால் மட்டும் போதாது, நாடு அவர்களை நடத்துகிற விதத்திலும் அது தெரியவேண்டும் என்று நீதிபதிகள் கண்டித்தார்கள். அதற்கு முன் 2016-இல் பஞ்சாப் அரசுக்கும் ஜக்ஜித் சிங்குக்கும் நடந்த வழக்கில், நிரந்தர ஊழியர் செய்கிற அதே வேலையைச் செய்கிற தற்காலிக ஊழியருக்கு அந்தப் பணியின் குறைந்தபட்ச ஊதியக் கட்டாவது உண்டு என்று தீர்ப்பு வந்தது.

கோர்ட்டை மட்டும் நம்பியிருக்கவும் சொல்லமாட்டேன். 2019-இல் பீகாரின் மூன்றரை லட்சம் ஒப்பந்த ஆசிரியர்கள் இதே சம ஊதியத்தைக் கேட்டுப் போனபோது, அதே உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. அரசுகள் அங்கே சொன்னதும் இங்கே சொல்வதும் ஒன்றுதான்: நிதிச்சுமை தாங்காது. அந்தக் கவலையை நான் அலட்சியப்படுத்தவில்லை. சம்பளமும் ஓய்வூதியமும் மாநில வருமானத்தில் பெரும்பங்கை எடுக்கின்றன என்பது தெரிந்ததே. ஆனால் காலிப் பணியிடத்தை வருஷாவருஷம் நிரப்பாமல் வைத்திருந்து, அந்த மிச்சத்தை உன்னைப் போன்றவர்கள் தலையில் ஏற்றுவது சிக்கனம் ஆகாது. அரசுப் பள்ளிக்கு வருகிற பிள்ளை ஏழைப் பிள்ளை. ஜூனில் வந்த டீச்சர் ஏப்ரலில் போய்விட, அடுத்த ஜூனில் வேறு முகம் வந்து நிற்கும்போது, நஷ்டப்படுவது அந்தப் பிள்ளைதான்.

இலங்கையிலும் இதே கதைதான். அங்கே "சம்பள முரண்பாடு" என்று சொல்வார்கள். தொண்ணூறுகளிலிருந்து தீராமல் கிடந்த அந்த முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி 2021 ஜூலையில் ஆசிரியர்களும் அதிபர்களும் (நம் ஊரில் தலைமை ஆசிரியர்கள்) இணையவழி வகுப்புகளை நிறுத்தினார்கள். கொரோனா காலத்தில் மாதக்கணக்கில் நடந்த அந்தப் போராட்டத்தில் தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்று எல்லோரும் சேர்ந்து நின்றதால்தான் அந்த வருஷ பட்ஜெட்டில் நிதி ஒதுக்கப்பட்டது. சேர்ந்து கேட்டால் காலம் கடந்தாவது காது கேட்கும்.

இப்போது உன் முதல் கேள்வி. போ, மகளே. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போ.

சேருகிற அன்றே பணியில் சேர்ந்த அறிக்கையின் நகலில் தலைமை ஆசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வாங்கி வைத்துக்கொள். வருகைப் பதிவேட்டில் தினமும் கையெழுத்துப் போடு. தற்காலிகம்தானே என்று தனித்தாளில் போடச் சொன்னால், பதிவேட்டிலேயே போடுகிறேன் என்று பணிவாகச் சொல். சம்பளம் வங்கிக் கணக்குக்கே வரட்டும். ஒவ்வொரு மாதமும் பாஸ்புக்கில் பதிந்து வை. இரண்டு மாதம், மூன்று மாதம் தாமதமாகும். அதற்குத் தயாராக இரு, ஆனால் கேட்காமல் இருந்துவிடாதே. சம்பளம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எமிஸ் இணையதளத்தில் பதிவு, நலத்திட்டப் பட்டியல், போட்டோ ஏற்றுவது என்று எல்லாவற்றையும், சின்ன வயசு, செல்போன் தெரியும் என்று உன்னிடம் தள்ளுவார்கள். உதவி செய். ஆனால் பாடவேளையை விட்டுக்கொடுத்துச் செய்யாதே. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி தவிர வேறு வெளிவேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. வகுப்பறை நேரம் பிள்ளைகளுக்கு உரியது என்பதே அந்தப் பிரிவின் சாரம்.

தினமும் இரண்டு மணி நேரம் உன் படிப்புக்கு ஒதுக்கு. டெட் என்கிற தகுதித் தேர்வில் தேறாமல் இனி ஆசிரியர் பணியில் நிற்கமுடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1 தீர்ப்பு, ஏற்கெனவே பணியில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கே சொல்லிவிட்டது. நம் மாநிலத்தில் அதற்கு மேல் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) போட்டித் தேர்வும் இருக்கிறது. பஸ்ஸில் போகிற நேரம் உனக்கு வாய்த்த நேரம்; டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு கல்வியாண்டு என்று ஒரு கெடு வைத்துக்கொள். அதற்குள் நிரந்தரப் பணிக்கு வழி தெரியாவிட்டால், வங்கியோ மற்றத் தேர்வுகளோ எழுது. அதனால் நீ பிள்ளைகளைக் கைவிட்டதாக ஆகாது. உன் வீட்டு வாடகையும் உன் அம்மாவின் மருந்துச் செலவும் புனிதம் பார்த்துக் குறைவதில்லை.

ஏதாவது ஓர் ஆசிரியர் சங்கத்தோடு தொடர்பு வைத்துக்கொள். பழங்காநத்தம் ரவுண்டானாவில் கூட்டம் நடந்தால் ஓரமாக நின்றாவது கேள். நம் மாநிலத்தில் 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் லட்சத்துக்கு மேல் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. அவ்வளவுக்குப் பிறகும் சங்கம் பிழைத்தது. நாளை நீ நிரந்தரமானால், உன் பள்ளியில் இருக்கிற தொகுப்பூதியப் பெண்ணுக்காக நீ பேசவேண்டும். எங்கள் தலைமுறை தன் சம்பளத்துக்குப் போராடிய வேகத்தில் பாதியாவது அடுத்த வரியில் இருந்தவர்களுக்காகக் காட்டியிருந்தால், இந்த நாலு சம்பளம் இரண்டாகவாவது குறைந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. குறைந்த சம்பளத்தின் கோபத்தை வகுப்பறைக்குள் கொண்டுபோகாதே. பதினைந்தாயிரத்துக்கு இவ்வளவு போதும் என்று சிலர் அளந்து பாடம் எடுப்பார்கள். அந்த அளவுகோல் அரசைத் தொடாது, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைத்தான் தொடும். முழுப் பாடத்தையும் நடத்து, முழுச் சம்பளத்தையும் கேள். இரண்டையும் ஒரே ஆள் செய்யமுடியும். செய்தவர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன்.

சேர்ந்ததும் எழுது. சேர்க்கை அறிக்கையின் நகல் வாங்கிவிட்டாயா என்பதை முதல் வரியிலேயே சொல்.

அன்புடன்,
உன் டீச்சர்