பெரிய பாரை ஒரு பக்கத்தில் வரைதல்

மன்னார்க் கடலின் முத்துச் சிப்பி பற்றிப் பேராசிரியர் ஹேர்ட்மன் தந்த அறிக்கை, 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக இலண்டனில் வெளிவந்தது. இன்று அதை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் அது ஆங்கிலத்தில், விஞ்ஞானிகளுக்காக எழுதப்பட்டது. கடல் நம்முடையது, நூல் நமக்கு எட்டவில்லை. அதனால் சில பகுதிகளையாவது தமிழில் மின்னிதழாக்க விரும்புகிறேன்.

சுருக்கி எழுதினால் மட்டும் போதாது. பெரிய பாரைப் பாருங்கள். ('பார்' என்ற நம் சொல்லை ஹேர்ட்மனும் மாற்றவில்லை.) அங்கே குஞ்சுச் சிப்பிகள் ஏராளமாகத் தோன்றும், பிறகு காணாமற்போகும். அது தாய்ப் பார், குஞ்சுகள் அங்கிருந்து உட்பார்களுக்குப் போகின்றன என்பது இவ்வூர்க்காரரின் நம்பிக்கை. பார் ஆழ்கடற் சரிவின் அருகே இருப்பதால் தென்மேற்குப் பருவக்காற்றில் அவை அள்ளுண்டு போகின்றன என்றார் ஹேர்ட்மன். முன்பே எடுத்து நல்ல பார்களில் இடும்படியும் சொன்னார்.

இதற்குக் கடலடியின் குறுக்குவெட்டுப் படம் வேண்டும்: வலப்புறம் கரை, நடுவே பார், இடப்புறம் சரிவு, ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறிதான் சிக்கல். எழுத்தில் "இருக்கலாம்" என்று சொல்ல முடியும். படத்தில் ஊகமும் உண்மைபோலத் தெரியும். முத்து உருவாக நாடாப்புழுக் குடம்பியே காரணம் என்ற அவரது முடிவைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. ஆகவே கண்டதற்கு முழுக்கோடு, ஊகத்துக்குப் புள்ளிக்கோடு.

எழுத்துரு யூனிகோட்டாக இருக்கட்டும். பாமினியில் தட்டிய பந்தி உம்மாவின் தொலைபேசியில் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும்.