எக்ஸெல் பாடம்: வருமான வரி ரீஃபண்ட் எவ்வளவு வரும்?

அமெரிக்காவில் சம்பளம் வாங்கும் பலருக்கும் ஆண்டுத் தொடக்கத்தில் எழும் கேள்வி, "இந்த முறை ரீஃபண்ட் எவ்வளவு வரும்?" என்பது. இது அரசு தரும் போனஸ் அல்ல. நம் சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த நம் பணமே திரும்பி வருகிறது. அதை எக்ஸெல்லில் ஒன்பது வரிகளில் நாமே கணக்கிடலாம். எக்ஸெல் இல்லாதவர்கள், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம்.

'சிங்கிள்' என்ற பிரிவில் கணக்குத் தாக்கல் செய்பவரை எடுத்துக்கொள்வோம். பொதுவாக, டிசம்பர் 31 அன்று மணமாகாமல் இருப்பவர் இதில் வருவார். நம் உதாரணத்தில் வருபவர் ஆண்டு முழுவதும் அங்கேயே வசிப்பவர். ஆண்டுக்கு 72,000 டாலர் சம்பளத்தில் 2025 ஜூலை முதல் தேதி வேலையில் சேர்ந்தார். அந்த ஆண்டில் பெற்றது 36,000 டாலர்.

நிறுவனம் தரும் டபிள்யூ-2 படிவத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏ பத்தியில் விவரங்களையும், பி பத்தியில் எண்களையும் டைப் செய்யுங்கள்.

பி1: சம்பளம் (படிவத்தின் 1-ம் பெட்டி) - 36000
பி2: வங்கி வட்டி - 0
பி3: நிலையான கழிவு - 15750
பி4: வரிக்குரிய வருமானம்
பி5: 10 சதவீத வரி
பி6: 12 சதவீத வரி
பி7: மொத்த வரி
பி8: பிடித்த வரி (படிவத்தின் 2-ம் பெட்டி) - 3727
பி9: ரீஃபண்ட்

இனி ஃபார்முலாக்கள். ஒவ்வொன்றையும் சமக்குறியுடன் தொடங்குங்கள். செல்லின் பெயரை டைப் செய்வதற்குப் பதில் அந்தச் செல்லின் மீது மவுஸால் க்ளிக் செய்தாலே போதும்.

பி4-ல் பி1-ஐயும் பி2-ஐயும் கூட்டி, பி3-ஐக் கழியுங்கள். விடை 20,250.

பி5-ல் 11925-ஐ 10%-ஆல் பெருக்குங்கள். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி. விடை 1,192.50.

பி6-ல் அடைப்புக்குறிக்குள் பி4-லிருந்து 11925-ஐக் கழித்து, அடைப்பை மூடி, 12%-ஆல் பெருக்குங்கள். விடை 999.

பி7-ல் பி5, பி6 இரண்டையும் கூட்டுங்கள். விடை 2,191.50.

பி9-ல் பி8-லிருந்து பி7-ஐக் கழியுங்கள். ரீஃபண்ட் 1,535.50 டாலர்! விடை மைனஸில் வந்தால் அந்தத் தொகையை நீங்கள்தான் கட்ட வேண்டும். வழக்கமான கடைசி நாள் ஏப்ரல் 15.

பி4-ல் வரும் தொகை 11,925 முதல் 48,475 வரை இருந்தால் மட்டுமே இந்த ஷீட் அப்படியே பொருந்தும். அதற்குக் குறைவானால் பி4 முழுவதற்கும் 10 சதவீதம் மட்டுமே. 48,475-ஐத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் 22 சதவீதம் என இன்னொரு வரி சேர்க்க வேண்டும். இது 103,350 வரை. முழு வருமானத்துக்கும் 22 சதவீதம் போட்டுப் பயந்துவிடாதீர்கள்.

இவருக்கு இவ்வளவு ரீஃபண்ட் வரக் காரணம் என்ன? ஆண்டு முழுவதும் 72,000 டாலர் வாங்குவார் என்று கருதியே ஒவ்வொரு சம்பளத்திலும் வரி பிடித்தார்கள். வேலை பார்த்ததோ அரை ஆண்டு. அதே சம்பளத்தில் 2025 முழுவதும் வேலை பார்த்திருந்தால் பிடித்தம் 7,454, வரி 7,289, ரீஃபண்ட் வெறும் 165 டாலர்தான். எனவே முதல் ஆண்டு ரீஃபண்டை நம்பி அடுத்த ஆண்டுச் செலவுக்குத் திட்டம் போடாதீர்கள்.

சில எச்சரிக்கைகள்:

* படிவத்தின் 4, 6-ம் பெட்டிகளில் இருப்பவை சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தங்கள். இவற்றை பி8-ல் சேர்க்கக் கூடாது.
* மாநில வரி தனிக் கணக்கு. டெக்ஸாஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை.
* மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கும், ஆண்டின் நடுவில் அமெரிக்கா சென்றவர்களுக்கும் கழிவு விதிகள் வேறு.
* கழிவும் வரம்புகளும் ஆண்டுதோறும் மாறும். இங்கே தந்திருப்பவை 2025-ம் ஆண்டுக்கானவை.

கணக்கைச் சரிபார்க்க, அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். தளத்தில் இலவசக் கால்குலேட்டர் இருக்கிறது. தள முகவரியை நீங்களே டைப் செய்து செல்லுங்கள், அது '.கவ்' என்று முடிய வேண்டும். "உங்கள் ரீஃபண்ட் தயார், இங்கே க்ளிக் செய்யவும்" என்று மெயில் வந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். உங்களுக்கு வர வேண்டிய தொகை எவ்வளவு என்பதுதான் இப்போது உங்கள் ஷீட்டிலேயே இருக்கிறதே!