சங்கக் கடையில் குளிர்சாதனப் பெட்டி

பால், தயிர், வெண்ணெய், கீரை முதலியவற்றை வைத்து விற்பதற்குக் கண்ணாடிக் கதவுள்ள குளிர்சாதனப் பெட்டி வாங்க வேண்டும் என்ற எண்ணம் பல சங்கங்களில் எழுந்துள்ளது. விலை என்ன என்ற கேள்வி முதலில் வருகிறது. எங்கே வைப்பது என்ற கேள்வியோ பெட்டி வண்டியிலிருந்து இறங்கிய பிறகே வருகிறது. இரண்டாவது கேள்வியே பெரிது என்பதை நாம் நஷ்டப்பட்டு அறிந்தோம்.

நெசவாளருக்கும் பயிரிடுவோருக்கும் பொதுவான நமது விற்பனை நிலையம் தறிக்கூடத்தை ஒட்டிய அறையில் நடைபெறுகிறது. தை மாதத்தில் பெட்டி வாங்கி, இடத்தை அடைக்காதிருக்கட்டும் என்று மேற்குச் சுவரோடு ஒட்டி நிறுத்தினோம். பங்குனி வரையில் குறையில்லை. சித்திரை பிறந்ததும் காலையில் வைத்த தயிர் பிற்பகலில் புளித்தது. பால் கொணர்ந்த பெண்கள் தங்கள் பணத்தைக் கேட்டனர், அது நியாயமே. கடைப் பணியாளர் இரவில் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார் என்று சிலர் பேசத் தொடங்கினர். பழுது பார்க்க வந்தவர் இருமுறை வாயு நிரப்பி இருமுறையும் பணம் பெற்றுச் சென்றார். மூன்றாம் முறை வேறொருவர் வந்தார். அவர் பெட்டியின் அடியிலுள்ள தகட்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கம்பளி விரித்தாற்போலப் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. தறிக்கூடத்திலிருந்து பறந்து வந்த நமது சொந்தப் பஞ்சுதான்! ஒரு தூரிகையும் அரைமணி நேரமும் போதுமாயிருந்தன. பெட்டியையும் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்தோம். மறுநாளே குளிர் திரும்பியது. நிர்வாகக் குழு கடைப் பணியாளரிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டது.

தூசிக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்ட 1842ஆம் ஆண்டுக் காலத்தில், அமெரிக்க நாட்டு ஏரிகளில் அறுத்த பனிக்கட்டி கப்பலேறி வந்து அங்கே சேமிக்கப்பட்டது. அன்று குளிர் என்பது சுமந்து வரும் சரக்கு. இன்றைய யந்திரம் குளிரைக் கொண்டு வருவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. மண்பானையின் மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துச் செல்வதை நாம் அறிவோம். பெட்டிக்குள் ஓடும் குழாயில் ஒரு திரவம் அவ்வாறே ஆவியாகி வெப்பத்தை வாங்குகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அமுக்கிச் சூடேற்றி, கண்டென்ஸர் என்னும் குழாய்ச் சுருளுக்கு அனுப்புகிறது. அங்கே வெப்பத்தைக் காற்றிடம் விட்டுவிட்டு ஆவி மீண்டும் திரவமாகிறது. அந்தச் சுருளைப் பஞ்சு மூடினாலும், சுவர் நெருக்கினாலும் வெப்பம் போவதற்கு வழியில்லை. கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், மின்சாரக் கட்டணம் ஏறும், தயிர் புளிக்கும்.

இதிலிருந்தே மற்றொன்றும் விளங்கும். அந்த வாயு விளக்கெண்ணெய்போல் எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவைக் கண்டு அடைக்காமல் வாயு மட்டும் நிரப்புபவருக்குப் பணம் கொடுக்க வேண்டுவதில்லை.

வாங்கும்போதே பெட்டியின் தகட்டைப் படித்தல் வேண்டும். கடைப் பெட்டிகளுக்கான சர்வதேசத் தரவிதியில், வகுப்பு 3 என்பது சுற்றுப்புறம் 25 டிகிரி சென்டிகிரேட் உள்ள இடத்தில் சோதிக்கப்பட்டது. வகுப்பு 4 என்பது 30 டிகிரியிலும், வகுப்பு 5 என்பது 40 டிகிரியிலும் சோதிக்கப்பட்டவை. குளிரூட்டிய பெரிய கடைக்கென அமைந்த 3ஆம் வகுப்புப் பெட்டியை ஓட்டுக்கூரையின் கீழ் வைத்துவிட்டு யந்திரத்தைக் குறை கூறுவது முறையன்று.

வெயில் படாத இடம், சமமான தரை, அடுப்புக்கும் வாயிற்காற்றுக்கும் விலகிய மூலை ஆகியவை வேண்டும். படுக்கவைத்து ஏற்றி வந்த பெட்டியை நிமிர்த்தியவுடன் ஓட்டலாகாது. கம்ப்ரஸரின் எண்ணெய் தன் இடத்திற்குத் திரும்பச் சில மணி நேரம் விடவேண்டும். மின்சாரத்திற்குத் தனிக் கம்பியும் நல்ல எர்த்தும் இன்றியமையாதவை. மின்சாரம் போய்த் திரும்பியவுடன் கம்ப்ரஸர் புறப்பட்டால் உள்ளே தணியாத அழுத்தத்தை எதிர்த்துத் திணறும். எனவே சுமார் மூன்று நிமிஷம் தாமதித்து மின்சாரம் விடும் ஸ்டெபிலைஸரே ஏற்றது. புதிய சிறு பெட்டிகள் பலவற்றில் ஆர்-290 எனப்படும் புரொப்பேன் இருக்கிறது. அது சமையல் வாயுவின் இனம், தீப்பற்றக்கூடியது. உறைந்த பனியைக் கத்தியால் குத்தி எடுக்கும் வழக்கத்தை இப்பெட்டிகளில் அறவே விடவேண்டும்.

இனி, உள்ளே வைக்கும் பொருளைப் பற்றி. கறந்த பாலை அப்படியே பெட்டியில் வைக்கலாம் என்று பலர் எண்ணுகின்றனர். 40 லிட்டர் பாலை 35 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறக்க எடுக்கவேண்டிய வெப்பம், சுமார் 14 கிலோ பனிக்கட்டியை உருக்கும் அளவினது. 400 வாட் வேகத்தில் வெப்பம் எடுக்கும் பெட்டி வேறு எந்த வேலையும் செய்யாவிட்டாலும் இதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதற்குள் முன்பே குளிர்ந்திருந்த பாலும் சூடேறிவிடும். கடைப் பெட்டி குளிர்ந்த பொருளைக் குளிர்ந்தபடி காப்பதற்கு ஏற்பட்டது. பாலைக் குளிர்விக்கும் வேலை பால் குளிர்விப்புத் தொட்டிக்கு உரியது.

பாலும் தயிரும் 5 டிகிரிக்குக் கீழே இருத்தல் வேண்டும். கீரை, காரட், பீட்ரூட் ஆகியவற்றுக்கும் அக்குளிர் ஒத்துவரும். வாழைப்பழமோ 13 டிகிரிக்குக் கீழே சென்றால் தோல் கறுத்துவிடும். தக்காளியும் கத்தரிக்காயும் கடுங்குளிரில் கெடுபவையே. இவற்றுக்கு நிழலும் ஈரச்சாக்கும் போதும். விளைவித்தவரே ஆசையால் வாழைச் சீப்பைப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லி, கறுத்த பிறகு கடைக்காரரிடம் கோபிப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

காற்று வரும் துளைகளை மறைத்து அடுக்கலாகாது. பெட்டியில் குறித்துள்ள கோட்டுக்கு மேலே வைத்த பொருள் குளிர் பெறாது. கதவின் ரப்பர்ப் பட்டையில் ஒரு தாளைச் செருகி இழுத்துப் பார்த்தால், எளிதாக வரும் இடத்தில் குளிர் கசிகிறது என்று அறியலாம். கண்டென்ஸர்ச் சுருளை மாதம் ஒருமுறை துடைப்பது பொதுவான வழக்கம்; தறிக்கூடத்துக்கு அருகில் வாரம் ஒருமுறை துடைத்தல் நலம். மின்சாரத்தை நிறுத்திவிட்டே துடைக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நமது கடையில் இப்போது பெட்டிக்குள் ஒரு குவளை நீரில் வெப்பமானி நிற்கிறது. கதவு திறந்தவுடன் காற்றின் உஷ்ணம் தாவி ஏறும். நீரின் உஷ்ணமே பாலின் நிலையைக் காட்டும். காலை 7 மணி, பிற்பகல் 3 மணி, இரவு கடை மூடும் வேளை ஆகிய மூன்று நேரமும் பணியாளர் அளவைப் பார்த்து நோட்டில் எழுதிக் கையொப்பம் இடுகிறார். மின்சாரம் நின்றால் நேரத்தையும் எழுதி, கதவைத் திறவாமல் கண்ணாடியின்மேல் கனத்த சமுக்காளத்தைத் தொங்கவிடுகிறார். அந்தச் சமுக்காளம் நமது தறியில் நெய்ததே. பால் கொணரும் பெண்கள் வாசலில் பாத்திரத்தை இறக்கியதும் முதலில் அந்த நோட்டைத்தான் வாங்கிப் பார்க்கிறார்கள்.