தெளிப்பானில் தேய்ந்த ஸ்பிரிங்கை மாற்றும் முறை

கைத்தெளிப்பானின் விசையிலிருந்து கையை எடுத்த பிறகும் முனையிலிருந்து மருந்து சொட்டிக்கொண்டே இருந்தால், பல விவசாயிகள் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. இருபது சொட்டு ஏறக்குறைய ஒரு மில்லி. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு மணி நேரத்தில் சுமார் 180 மில்லி கலவை வீணாகும். வரப்பில் திரும்பும்போதும், நின்று இளைப்பாறும்போதும் சொட்டும் மருந்து ஒரே செடியில் விழுந்து இலையைக் கருக்கும். கையிலும் காலிலும் பட்டால் தோல் வழியே உடலில் ஏறும்.

2017-ம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தனர். இத்தகைய விபத்துக்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒழுகும் கருவியை விவசாயி தாமே சரிசெய்துகொள்ள முடியும்.

பழுது எங்கே?

விசையின் உள்ளே சிறிய ஸ்பிரிங் ஒன்று உண்டு. விசையை அழுத்தினால் வழி திறக்கும். விட்டவுடன் ஸ்பிரிங் அடைப்பானைத் தள்ளி வழியை மூடும். துருவினாலோ நாட்பட்ட உழைப்பாலோ ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் வழி சரிவர மூடாது.

முதலில் தொட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றி, காற்றழுத்தம் ஏற்றி, விசையை ஐந்தாறு முறை அழுத்தி விடவும். குழாயில் தங்கிய நீர் சில சொட்டு விழுந்து நின்றால் பழுதில்லை. விசை மெதுவாகத் திரும்பி, சொட்டும் நிற்காவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். விசை துள்ளித் திரும்பியும் சொட்டினால் வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது தூசி சிக்கியிருக்கும். கைப்பிடியருகே கசிந்தால் விசைத்தண்டின் ரப்பர் வளையத்தை மாற்ற வேண்டும்.

மாற்றும் முறை

1. தொட்டியைக் காலி செய்து மூன்று முறை கழுவவும். கழுவிய நீரை மருந்தடித்த வயலிலேயே தெளிக்க வேண்டும். வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டக்கூடாது.

2. முனையைத் தரையை நோக்கிப் பிடித்து, பீய்ச்சுவது அடியோடு நிற்கும்வரை விசையை அழுத்தவும். அழுத்தம் இருக்கும்போது கழற்றினால் மருந்து முகத்தில் அடிக்கும்.

3. ரப்பர் கையுறை அணிந்து, ஒரு தட்டின் மேல் வைத்து விசையின் மூடியைத் திருகிக் கழற்றவும். ஸ்பிரிங் தெறிக்காதபடி கட்டைவிரலால் அணைத்துப் பிடிக்க வேண்டும். பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கவும்.

4. உட்புறத்தை நீரில் அலசி, மெல்லிய துணியால் துடைக்கவும். ஆணியால் சுரண்டினால் வாஷர் பதியும் இடம் கீறிப்போகும்.

5. பழைய ஸ்பிரிங்கைக் கடைக்கு எடுத்துச் சென்று, அதே வகைத் தெளிப்பானுக்குரிய, துருப்பிடிக்காத எஃகு ஸ்பிரிங்காக வாங்கவும். கம்பியின் கனமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். புதிய வாஷரையும் சேர்த்தே போடுவது நல்லது. ரப்பரில் கிரீஸ் தடவக்கூடாது, ஊறிக் கெட்டுவிடும்.

6. பூட்டிய பின் மீண்டும் நல்ல தண்ணீரில் சோதித்த பிறகே மருந்து ஊற்றவும்.

செய்யக்கூடாதவை

பழைய ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போடுவது பலரின் வழக்கம். நீளம் கூடுமே தவிர வலு கூடாது. சில நாளில் மறுபடி படிந்துவிடும். அளவுக்கு மீறிக் கடினமான ஸ்பிரிங்கும் ஆகாது. விரல் வலித்து, விசையைக் கயிற்றால் கட்டிவைக்கத் தோன்றும். கட்டிய விசையை அவசரத்தில் நிறுத்த முடியாது.

தாமிரம் கலந்த மருந்துகள் இரும்பை அரிக்கும். எனவே ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் கருவி முழுவதையும் கழுவி, விசையை அழுத்தி நீரை வடித்து, நிழலில் தொங்கவிட வேண்டும்.

கையில் மருந்து பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவவும். தலைவலி, மயக்கம், வாந்தி தோன்றினால் மருந்துப் புட்டியின் சீட்டுடன் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஸ்பிரிங்கின் விலை ஒரு புட்டி மருந்தின் விலையில் சிறு பங்கே. பருவம் தொடங்குமுன் ஒருமுறை விசையைத் திறந்து பார்க்கும் விவசாயிக்கு மருந்தும் மிச்சம், உடலுக்கும் காப்பு.